சுருதி இறங்கிய பெரிய வெள்ளி

கீபோர்டின் மேல் ஊதாத் துணி போர்த்தியிருந்தது. அதன் வயர் சூசை அண்ணனின் கால்சட்டைப் பைக்குள் இருந்தது. பிளக் மட்டும் பைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஜொகூரில், உலு திராமில் இருக்கிற எங்கள் சின்னக் கோயிலில் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் பார்க்கிற காட்சிதான். பெரிய வியாழன் பூசையோடு கருவிகள் எல்லாம் ஓய்ந்துவிடும். சனிக்கிழமை இரவு பாஸ்கா பூசையில்தான் மறுபடி சத்தம் வரும். நடுவில் வெறும் குரல்தான். பாட்டுக்குத் துணையாக மெல்ல வாசித்துக்கொள்ளலாம் என்று திருச்சபை விதியில் இடம் இருக்கிறது. சூசை அண்ணனின் விதியில் இல்லை. அவர் எங்கள் கோயில் உபதேசியார். யாராவது மறதியாகப் பட்டனைத் தட்டிவிடுவார்கள் என்று வயரையே உருவி எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்.

யாராவது என்றால் நான்தான். அங்கே கீபோர்டு வாசிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

இந்தப் பக்கங்களில் இதுவரை என் பியானோ மாணவர்களைப் பற்றியும், அவர்களைவிட அதிகமாக அவர்களின் அம்மாக்களைப் பற்றியும் எழுதி வம்பை விலைக்கு வாங்கியிருக்கிறேன். இந்த வாரம் என் கணவர் அருளின் தொண்டையைப் பற்றி எழுதுகிறேன். அவரிடம் அனுமதி வாங்கியாயிற்று. எப்படி வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

அண்மையில் வந்து போன ஒரு பெரிய வெள்ளி அது. மூன்று மணி வழிபாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மழை வரப்போகிற புழுக்கம். அருள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து வெந்நீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

கழுத்தில் ஒரு தழும்பு

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் பிரித்துப் பாடுவார்கள். நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறவர் உரையாளர். அவருக்கு நடுக்குரல். இயேசுவின் வார்த்தைகளைச் சாமியார் கீழ்க்குரலில் பாடுவார். பிலாத்து, பேதுரு, கத்துகிற கூட்டம் என்று மிச்சம் எல்லோருக்கும் மூன்றாவது ஆள், மேல்குரலில். ஒருவர் முடிக்கிற சுரத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தவர் தொடங்க வேண்டும்.

மெட்டு எளிதுதான். ஆனால் நீளம். முக்கால்வாசியும் உரையாளர் தலையில்தான் விழும். முதல் சுரத்தை அரைச் சுரம் ஏற்றி வைத்துவிட்டால், கல்லறைக்குப் போய்ச் சேரும்வரை அந்த அரைச் சுரத்தைச் சுமக்க வேண்டும். அந்த முதல் சுரத்தைக் கொடுப்பதுதான் அன்றைக்கு என் ஒரே வேலை. அருளின் பக்கத்தில் நின்று, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வேன்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அருள்தான் உரையாளர். பெண் பார்க்க வந்தபோது நான் அவர் முகத்தைப் பார்த்துச் சம்மதிக்கவில்லை. அந்த வருடப் பெரிய வெள்ளியில் குரலைக் கேட்டிருந்தேன், அதனால் சம்மதித்தேன். முகம் பிறகு பழகிவிட்டது.

அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் தைராய்டில் ஒரு கட்டி என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டி கெட்டது இல்லை என்று தெரிந்து மூச்சு விட்டோம். ஆனால் கண் விழித்தவர் பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் நரம்பில் வீக்கம் இருக்கிறது, பேச்சு திரும்பிவிடும், பாட்டைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பேச்சு திரும்பியது. தவக்காலம் தொடங்கும்போது என்னோடு சண்டை போடுகிற அளவுக்குத் திரும்பியிருந்தது. ஆனால் ஒரு உயரத்துக்கு மேல் குரல் போனால் அங்கே ஒன்றுமே இல்லை.

அடுப்படியில் ஒத்திகை

குருத்து ஞாயிறுக்கு முன் ஒரு சாயங்காலம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டே அவருக்குச் சுருதி கொடுத்தேன். வேண்டுமென்றே இறக்கிக் கொடுத்தேன்.

"இது நம்ம சுருதி இல்லையே, ரெஜி."

"எது நம்ம சுருதி? பைபிள்ல போட்டிருக்கா?"

"இத்தனை வருசமா பாடுறேன். எனக்குத் தெரியாதா? கீழ இருந்து பாடுனா பேசுற மாதிரி இருக்கும்லா. கேக்கிறவங்களுக்கு ஏறாது."

அவரே பழைய சுருதிக்கு ஏற்றிக்கொண்டு பாடினார். தோட்டத்தில் கைது செய்கிற இடம் நன்றாகவே வந்தது. பிலாத்துவின் முற்றத்துக்கு வந்தபோது குரல் இரண்டாகப் பிளந்தது. நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

"அன்னைக்குச் சரியாயிடும்."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னா அதோட முடிச்சுக்குவேன். கோயில்ல இனிமே வாயத் திறக்க மாட்டேன். பாதிக் குரல வெச்சுக்கிட்டு சனங்க முன்னால நிக்க முடியாது."

மற்றவர்கள் இப்படிச் சொன்னால் நான் பயப்பட மாட்டேன். இவர் குடும்பம் இலங்கையிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தது. பிடிவாதமும் அதே கப்பலில் ஏறி வந்துவிட்டது. சிகரெட், பூப்பந்து, சொந்தத் தம்பி என்று இவர் ஒரே நாளில் விட்ட விஷயங்களை நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன். எதையும் மறுபடி தொட்டதில்லை.

சவரம் செய்யும்போது பாடுவார். செனாய் ஊரில் இருக்கிற தொழிற்சாலைக்குக் கிளம்பக் காரைத் துடைக்கும்போது பாடுவார். அந்தச் சத்தம் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் பாட வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை, பாடட்டும் என்று விடவும் மனம் இல்லை.

முதலில் குரல்தான்

வயரைப் பறிகொடுத்துவிட்டு உட்காரும்போதெல்லாம் நான் பரீட்சைக்குப் படித்த பழைய இசை வரலாற்றை அசைபோடுவது வழக்கம். ஆதித் திருச்சபையில் சூசை அண்ணன்கள்தான் அதிகம். குழலும் தந்தியும் கூத்து மேடைக்கும் பிற தெய்வங்களின் விருந்துக்கும் உரியவை, கடவுளுக்குத் தொண்டை போதும் என்றார்கள். பல நூற்றாண்டுகள் வெறும் குரலிலேயே ஓடின.

இன்றைக்குக் கோயிலின் சொத்து என்று நாம் நினைக்கிற ஆர்கன் அரண்மனையிலும் விளையாட்டுத் திடலிலும் முழங்கிக்கொண்டிருந்த கருவி. உள்ளே வந்தபோது பாட்டுக்கு முன்னால் சுருதி காட்டவும், பாடகர்கள் மூச்சு வாங்கும்போது ஒரு அடியைத் தான் வாசித்து நிரப்பவும்தான் அதை விட்டார்கள். நாலு நாள் தங்க வந்த உறவுக்காரர் மாதிரி மெல்ல மெல்ல இடம் பிடித்தது.

பிறகு கொம்புகளும் தந்திகளும் வந்தன. அவற்றுக்கென்று தனி வேலை கிடையாது. பாடகர் பாடுவதையே கூடச் சேர்ந்து வாசிக்கும். பாட வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் அவருடைய வரியை ஒரு கருவி வாசித்துச் சமாளிக்கும். கருவிகளுக்கென்று தனியாக எழுதத் தொடங்கியது அதற்கும் பிறகுதான். பாடுகளின் வரலாற்றுக்கே தந்திகள் சேர்த்து, சில ஊர்களில் மணிக்கணக்கில் பாடுகிற பெரிய உருப்படியாக அது வளர்ந்தது.

குரலுக்குக் கருவி ஈடுகொடுக்குமா என்ற கவலை மேல்நாட்டுக்காரர்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். நம் சிவன் கோயில் பக்கமும் ஒரு கதை உண்டு. பதிகம் பாடுகிறவருக்குக் கூடவே யாழ் வாசித்து வந்த பாணர், ஒரு பாட்டு தன் யாழில் அடங்கவில்லை என்று யாழையே உடைக்கப் போனாராம். என் தோழி ஒருத்தி இதைச் சொன்னபோது எனக்கு அந்தப் பாணர்மேல்தான் இரக்கம் வந்தது. கூட வாசிக்கிறவர்களின் பயம் கூட வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

பாலோவில் வந்த பெட்டி

நான் பிறந்த பாலோ தோட்டத்துச் சிற்றாலயத்தில் கருவி என்று எதுவுமே கிடையாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸராக இருந்த என் அப்பா பாட்டை எடுத்துக் கொடுப்பார். அவர் எடுத்த இடத்திலிருந்து சனங்கள் எங்கேயாவது போய்ச் சேருவார்கள். யாரும் குறை சொன்னதில்லை.

பிறகு பக்கத்து டவுனான குளுவாங்கிலிருந்து ஓர் ஆர்மோனியப் பெட்டி லாரியில் வந்து இறங்கியது. அன்றைக்குத்தான் நாங்கள் இத்தனை காலம் அபசுரமாகப் பாடியிருக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. அப்பாவுக்குக் கோபம். "பெட்டி வந்து சனங்க தொண்டைய அடைச்சிருச்சு" என்றார். அதற்குப் பிறகு அதே பெட்டிக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, "அவங்க எங்க போறாங்களோ நீ அங்க போ, உன் இடத்துக்கு இழுக்காத" என்று மட்டும் சொன்னார்.

ஈரத்தில் கட்டைகள் உப்பி, கறையானும் ஏறி, அந்தப் பெட்டி சீக்கிரமே செத்துப்போனது. சனங்கள் நிம்மதியாக மறுபடி பாடினார்கள்.

உட்லண்ட்ஸில் ஒரு பேருந்து

இனி அந்த வெள்ளிக்கு வருகிறேன். ஜொகூரில் வெள்ளியும் சனியும் வாரவிடுமுறையாக இருந்த வருடங்களில் பெரிய வெள்ளிக்கு லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுபடி சனி, ஞாயிறு என்று மாற்றியதும் ஆளாளுக்கு லீவு போட்டுத்தான் வர வேண்டும். சிங்கப்பூரில் அன்றைக்குப் பொது விடுமுறை. அங்கே விடுமுறை என்றால் பாதி சிங்கப்பூர் சாப்பிடவும் சாமான் வாங்கவும் இந்தப் பக்கம் கிளம்பிவிடும். இரண்டு நாட்டையும் இணைக்கிற பாலத்தில் எறும்பு நுழைய இடம் இருக்காது.

அந்தக் கூட்டத்துக்குள்தான் எங்கள் மூன்றாவது பாடகர் ஸ்டீவன் மாட்டிக்கொண்டார். சிங்கப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி வேலை. இரவு ஷிப்ட் முடித்துக் காலையிலேயே பஸ் ஏறியவர். என் போன் அடித்தது.

"ஆன்ட்டி, இன்னும் சிங்கப்பூர் பக்கம், உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்லயே நிக்கிறேன். பஸ் நகரவே இல்ல. இறங்கி நடந்தாலும் மூணு மணிக்குள்ள வர முடியாது. சாரி ஆன்ட்டி."

அருளிடம் சொல்லாமல் நேராகச் சாமியாரிடம் போனேன். எங்கள் சாமியார் வயதில் சின்னவர், பதற்றப்படத் தெரியாதவர்.

"இந்த வருசம் பாடாம வாசிச்சிடலாமே, டீச்சர்" என்றார் ஃபாதர். "சாருக்கும் தொண்டை சரியில்ல."

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. சாமியார் சொல்லிவிட்டார், பேச்சுக்கு இடமில்லை, அருளின் மானமும் பிழைத்தது. அப்படியே ஆகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் அருள் வந்து நின்றிருந்தார்.

"நான் பாடத்தான் வந்திருக்கேன், ஃபாதர்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது. தொண்டை சரியில்லை என்று சொன்னதை அவர் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. இன்றைக்குப் பாடாவிட்டால் இவர் இனி என்றைக்கும் பாடப் போவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

"அப்ப மூணாவது குரல் நான் பாடுறேன்" என்றேன்.

சூசை அண்ணன் தயங்கினார். "தப்புன்னு சொல்லல, டீச்சர். ஆனா நம்ம கோயில்ல பொம்பளைங்க இதப் பாடுனதில்ல."

"வயரக் குடுத்தீங்கன்னா அத வாசிச்சே சமாளிச்சிடுவேன், அண்ணே."

அவர் கை தானாகவே பைக்குப் போய்ப் பிளக்கை உள்ளே தள்ளியது. "பாடுங்க, பாடுங்க" என்றார்.

பாட ஆள் வராத இடத்தில் ஒரு கருவியை நிறுத்துவார்கள் என்று படித்தேனே, அந்தக் கருவியாகத்தான் நான் போய் நின்றேன்.

கூட்டத்தின் குரல்

சுருதி கொடுக்கிற நேரம் வந்தது. இறக்கிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார். பழைய சுருதியையே கொடுத்தேன். கொடுக்கும்போதே இது இவருடைய தொண்டைக்கு எதிரி என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

தொடக்கம் நன்றாக இருந்தது. தோட்டம், தீப்பந்தம், கைது. கோயிலில் ஒருவரும் இருமவில்லை. நான் அவர் பாடுவதைக் கேட்கவில்லை, அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலருக்கு மேல் அந்தத் தழும்பு ஏறி இறங்கியது. பேதுரு மறுதலிக்கிற இடத்தில் ஒரு சுரத்தின் ஓரம் கிழிந்தது. அவர் சமாளித்துக்கொண்டார். எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிலாத்துவின் முற்றம் வந்தது. இங்கே கூட்டம் அடிக்கடி கத்தும். உரையாளர் ஒரு வரி, கூட்டம் ஒரு வரி, பிலாத்து ஒரு வரி. என்னுடைய வரி முடிகிற சுரத்தைத்தான் அவர் எடுக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

அடுத்த வரியை முடிக்கும்போது நான் ஒரு மயிரிழை இறக்கினேன்.

அருள் அதை எடுக்கவில்லை. பழைய சுருதிக்கே ஏறிப் போய்த் தொடங்கினார். பாடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பாடகர் குழுவில் யாராவது சுருதி விட்டால் பார்க்கிற பார்வை.

என் முகம் சூடாகியது. ஒழுங்காகப் பாடிவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவர் வரி முடிகிற இடத்தில் மறுபடி காற்று கலந்தது. நான் மறுபடி இறக்கினேன், இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே. கீபோர்டு டீச்சருக்குச் சுருதி நிற்கவில்லை என்று பெஞ்சில் இருக்கிறவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

அவர் பாதி தூரம் வந்தார். என் சுரத்துக்கும் பழைய சுரத்துக்கும் நடுவில் நின்று பாடினார். அதற்கடுத்த வரியில் நான் கொடுத்த இடத்திலேயே தொடங்கினார். என்னைப் பார்க்கவில்லை.

இப்படிக் கத்திக் கத்தியே நான் அவரை இறக்கிக்கொண்டு போனேன். நடுவில் மாட்டிக்கொண்டவர் ஃபாதர். ஏற்கெனவே கீழ்க்குரல். நாங்கள் இறங்க இறங்க அவருக்குத் தரை தட்டிவிட்டது. ஒரு வரியைக் கிட்டத்தட்டப் பேசியே முடித்துவிட்டு, பதற்றப்படத் தெரியாத அந்த மனிதர் என்னைப் பதற்றமாகப் பார்த்தார்.

முழந்தாளில்

இயேசு உயிர் விடுகிற இடத்தில் பாட்டு நின்றுவிடும். எல்லோரும் முழந்தாளில் இருப்போம். சத்தமே இருக்காது. கூரையில் மழை மட்டும் தொடங்கியிருந்தது.

குனிந்திருந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. இதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரியே கிடையாது. அடக்கம் செய்கிறவரை உரையாளர் தனியாகத்தான் பாட வேண்டும். முன்னால் யாரும் பாடி முடிக்கப் போவதில்லை, அதனால் அவருக்குச் சுருதி கொடுக்கவும் யாரும் இல்லை. அமைதியிலிருந்து அவரே எடுக்க வேண்டும்.

இவருக்குப் பழைய சுருதி எலும்பில் ஊறியது. எழுந்ததும் அங்கேதான் போவார். போனால் மிச்சம் இருக்கிற குரல் அங்கேயே உடையும். கடைசி இடத்தில், எல்லோரும் கண் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது உடையும். நான் செபிக்க வேண்டிய நேரத்தில் என் நகத்தை என் உள்ளங்கையில் அழுத்திக்கொண்டிருந்தேன். கடவுளே, எழுந்திருக்கச் சொல்லாதே, இப்படியே முழந்தாளில் விட்டுவிடு என்றுதான் கேட்டேன்.

எழுந்தோம். அருள் மூச்சு இழுப்பது கேட்டது.

அவர் எடுத்த சுரம் எனக்குப் புரியவே ஒரு கணம் ஆனது. பழைய சுருதி இல்லை. நான் இறக்கிக் கொண்டுவந்து விட்ட இடமும் இல்லை. அதற்கும் கீழே, நான் கொடுக்கத் துணியாத இடத்தில் தொடங்கினார். இவ்வளவு கீழே வர வேண்டிய வலி அவருக்கு இருந்திருக்கிறது. வீட்டில் கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை.

பேசுகிற மாதிரிதான் இருந்தது. உடலை இறக்கியதையும், துணியில் சுற்றியதையும், பக்கத்தில் ஒரு தோட்டம் இருந்ததையும் வீட்டில் ஒருவர் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனார். குரல் உடையவில்லை. எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். உடலைக் கல்லறையில் வைக்கும்வரை நான் தாங்கினேன், அதற்குப் பிறகு என்னாலும் முடியவில்லை.

வழிபாடு முடிந்து எல்லோரும் பேசாமல் கலைந்தார்கள். வாசலில் சூசை அண்ணன் குடையோடு வந்தார்.

"டீச்சர், நடுவுல சுருதி கொஞ்சம் கொஞ்சமா இறங்கிருச்சு. கவனிச்சீங்களா?"

"ஆமாண்ணே. பழக்கமில்லாத பாட்டு, நான்தான் விட்டுட்டேன்."

அருள் பக்கத்தில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். காரில் ஏறி, என் பக்கம் திரும்பாமலே வண்டியை எடுத்தார். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. கோபமாக இருக்கிறார், வீட்டுக்குப் போனதும் இனிப் பாட மாட்டேன் என்று சொல்லப் போகிறார் என்று எண்ணிக்கொண்டே நான் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"அடுத்த வருசம் மொதல்லயே அங்கருந்து குடுத்திடு" என்றார்.

"எங்கருந்து?"

"கடைசியா நான் எடுத்தேன்லா. அங்கருந்து."

சரி என்று தலையாட்டினேன். விளக்கு பச்சையாவதற்குள் அந்தச் சுரத்தை மறந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டே ஒரு முறை முனகிப் பார்த்தேன். அருள் சாலையைப் பார்த்தபடியே, "இன்னுங் கொஞ்சம் கீழ" என்றார்.